லீவுக்கு வந்திருக்கோம்

நெய்வேலி
11 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் நைட் ஷிப்ட் போய்விட்டார். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. போனில் பேசலாம்தான். பகலில் அவர் தூங்குகிறார், இருப்பது ஒரே அறை. அதோடு உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு மாரியம்மாள் அக்கா ஓடி வந்துவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? உனக்குத் தலைவலி வருவது நின்றதா? இங்கே பாப்பா சண்முகப்ரியாவுக்குச் சளி இன்னும் விடவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். சுரங்கத்திலிருந்து பம்ப் பண்ணி விடுகிற தண்ணீர் தேங்கி ஏரியாகி இருக்கிறதே, அந்தக் கரையில் நாலு பேர் முக்காலியில் கருவியை நிறுத்தி எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணியோடு உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் எங்கள் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு அம்புக்குறி. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, வரிசை முழுக்க.

ஏரிக்கரையையும் மெயின் பஜாரையும் சேர்த்துப் புதிதாக்கப் போகிறார்களாம். கரையில் நடைபாதை, படகு, கலர் விளக்கு. பஜாரில் மாடி மாடியாகக் கடைகள். பஜார் முனையில் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் 'நகர வளர்ச்சி முகமை, சென்னை' என்று போட்டிருக்கிறது. உன் ஆபீஸ்தானே அது?

நாங்கள் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியும். இந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸ் நல்லசாமி சார் பெயரில். அவர் பர்மனென்ட் ஆள், பக்கத்தில் வடக்குத்து ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அவருக்கு உள்வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறோம். காண்ட்ராக்ட் ஆளுக்கு குவார்ட்டர்ஸ் ஏது? எந்தக் காகிதத்திலும் நாங்கள் இங்கே இல்லை. நேற்று உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன், வீட்டை இடித்தால் என்ன பண்ணுவது என்று. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊரு வளையமாதேவில சுரங்கத்துக்கு நெலம் போவும்போது அப்பா கையில பட்டாவாச்சும் இருந்துது. இங்க நம்ம கையில இன்னா இருக்குது?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. கொஞ்சம் விசாரித்துச் சொல் அக்கா. அம்மாவிடம் எதுவும் காட்டிக்கொள்ளாதே.

உன் தங்கை,
மலர்விழி


சென்னை
24 ஜூன் 2025

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், மாடிப்படி ஏற முடிகிறது. பாப்பாவுக்கு ஆவி பிடிக்க வை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பலகையில் நீ பார்த்தது எங்கள் முகமைதான். நான் அந்தப் பிரிவில் இல்லை. காதில் விழுவதுதான் எனக்கும் தெரியும். திட்டம் இன்னும் முடிவாகவில்லை, பயப்படாதே.

நீ சொன்னதுபோலக் கடிதமாகவே எழுது. இங்கே ஒரு பையன் ஏதோ திட்டப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான் என்று வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். எனக்கும் காண்ட்ராக்ட்தான், செப்டம்பரில் புதுப்பிக்க வேண்டும். கவரில் நான் அனுப்புநர் பெயர் எழுதவில்லை, தப்பாக நினைக்காதே.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வரிசையில் உண்மையில் குடியிருப்பவர்கள் எத்தனை குடும்பம் இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டப் போகிறாள், பார்த்துக்கொள்.

சந்திரகலா


நெய்வேலி
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்டிக்கர் வந்தது. சுவரில் ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் எதையும் சுவரில் ஒட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தட்டின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறாள், சாப்பிட்டு முடித்ததும் கவிழ்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். அம்மா மாடி ஏறுகிறது என்று படித்ததும் நிம்மதி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எத்தனை குடும்பம் என்று கேட்டாயே. வரிசை முழுக்கக் குடும்பம்தான். பெயருக்குரியவர் யாரும் இங்கே குடியில்லை. எல்லாமே எங்களைப்போல. கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட், கேண்டீனில் காண்ட்ராக்ட், பஜாரில் கடை. உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று டவுன்ஷிப்பில் அவ்வப்போது செக்கிங் வரும். அதற்காக நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று உனக்கு எழுதியதே இல்லை.

எல்லா வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பயணப் பை இருக்கும். ஜிப் பாதி திறந்து, மேலே ஒரு துண்டு தெரிய வேண்டும், அப்போதுதான் நேற்று வந்த மாதிரி இருக்குமாம். செருப்பு வெளியே இரண்டு ஜோடிக்கு மேல் கூடாது. ஆதார், வோட்டர் கார்டு, கேஸ் எல்லாம் வளையமாதேவி விலாசத்தில். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அந்த விலாசத்தில்தான். யார் கேட்டாலும், 'இது மாமா வூடு, லீவுக்கு வந்திருக்கோம்'. சண்முகப்ரியா நிற்கப் பழகிய கையோடு இதைப் பழகிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பாட்டுப் போட்டிக்குச் சொல்கிற மாதிரி சொல்வாள். போன வருஷம் செக்கிங் வந்த சூப்பர்வைசர் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இப்போது பெரிய செக்கிங் வருகிறதாம். வீடு வீடாக வருவார்களாம். நல்லசாமி சார் போன் பண்ணினார். "இந்தாம்மா, படிச்ச பொண்ணு நீ. விருந்தாளின்னு சொல்லு, அதுக்கு மேல வாயத் தொறக்காத. எம் பேரு கெட்டுச்சுன்னா அன்னைக்கே சாமான் ரோட்டுல கெடக்கும்" என்றார். வரிசைப் பெண்கள் எல்லாம் தினமும் என்னிடம்தான் வருகிறார்கள். "பி.எஸ்ஸி படிச்சிருக்கற, நீ சொன்னா சரியா இருக்கும், இன்னா சொல்லணும் சொல்லு" என்கிறது மாரியம்மாள் அக்கா. நான் என்ன சொல்வேன்? படித்தது வேதியியல்.

வருகிறவர்கள் டவுன்ஷிப் ஆட்களா, உங்கள் ஆட்களா? என்ன சொன்னால் எங்களுக்கு நல்லது? இது ஒன்றை மட்டும் எப்படியாவது கேட்டு எழுது.

மலர்


நெய்வேலி
29 ஜூலை 2025

அக்கா,

எல்லோரும் சுகம்தானே? போன கடிதத்துக்குப் பதில் இல்லை என்றதும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்துபோனேன். தினமும் போஸ்ட்மேன் ராயப்பன் அண்ணனின் சைக்கிள் பெல் கேட்டால் எழுந்து ஓடுகிறேன். "உங்களுக்கு இல்லம்மா" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார்.

தேதி சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 18. இரண்டு வரி எழுதினாலும் போதும். 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ எழுது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மலர்


நெய்வேலி
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் பிழைத்தோம்.

உன் பதிலைக் கடைசிவரை பார்த்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரிசைப் பெண்கள் எல்லோரையும் எங்கள் வீட்டில் உட்கார வைத்து நானே சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கொரு கதை விடக் கூடாது. விருந்தாளி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வெளியூர். பையைக் கதவோரம் எடுத்து வை. கேட்டதற்கு மட்டும் பதில்.

நேற்றுக் காலையில் ஜீப் வந்தது. இறங்கினது ஒரு சின்னப் பெண், கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வெயிலில் முகம் கருத்து, பாவம், தண்ணீர் கேட்டுக் குடித்தாள். "எத்தனை பேர் இருக்கீங்கக்கா?" என்றாள். "விருந்துக்கு வந்திருக்கோம்மா" என்றேன். பாப்பா நான் சொல்லாமலே முன்னால் வந்து நின்று கையைக் கட்டி, "இது மாமா வூடு. லீவுக்கு வந்திருக்கோம்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் விருந்தாளி. அதற்கடுத்த வீட்டிலும்.

மாரியம்மாள் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னம்மா இது, வரிசையா விருந்தாளியா இருக்கீங்க? ஊர்ல எதுனா விசேஷமா?"

"ஆமா கண்ணு, கல்யாணம்" என்றது மாரியம்மாள் அக்கா.

"யாருக்கு?"

"அதான் பேசிகினு இருக்கறாங்க, இன்னும் முடிவாவல."

அடுத்த வீட்டு உமாராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜீப் போன பிறகு எல்லோரும் உட்கார்ந்து சிரித்தோம். யாரோ போண்டா போட்டார்கள். எல்லோரும் என் தலையைத் தடவினார்கள்.

ஆனால் ஒன்று, அக்கா. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண் திரும்ப என்னிடம் வந்தாள். மெதுவாக, "நல்லா யோசிச்சு சொல்லுங்கக்கா. இந்த வரிசையில குடியிருக்கறவங்க யாருமே இல்லையா?" என்றாள். செக்கிங் வருகிறவர்கள் அப்படி இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனாள். இரவு முழுக்க அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. ஏன் கேட்டாள்?

மலர்


சென்னை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மலருக்கு,

அம்மா சுகம். நானும். நீங்கள் மூவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. 18ஆம் தேதி வருகிறவர்கள் டவுன்ஷிப் ஆட்கள் இல்லை, எங்கள் முகமை அனுப்புகிறவர்கள். அது செக்கிங் இல்லை. வீடு யார் பெயரில் என்று கேட்கமாட்டார்கள். யார் தங்கியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் வருகிற குடும்பங்களுக்கு, உள்வாடகையாக இருந்தாலும், குள்ளஞ்சாவடி ரோட்டில் மாற்று வீடு. கணக்கில் வராத வீடு காலி வீடு. காலி வீடுகளைத்தான் முதலில் இடிப்பார்கள். இதை வெளியே சொன்னால் வெளியாட்கள் வந்து குடியேறிவிடுவார்கள் என்று சர்வேக்கு வருகிற பெண்களைக்கூட வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் உள்ளதைச் சொல். நீங்கள் மூன்று பேர் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல். வரிசையில் எல்லோரையும் சொல்லச் சொல். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

சந்திரகலா


நெய்வேலி
26 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நேற்று. 9ஆம் தேதி எழுதியிருக்கிறாய்.

நடுத்தெருவில் நின்று ராயப்பன் அண்ணனைக் கத்திவிட்டேன். "எங்க போட்டு வெச்சிருந்தீங்க இத்தினி நாளு? உங்க வூட்டு அடுப்படியிலயா?" என்று கேட்டேன். இருபது வருஷமாக இந்தப் பிளாக்கில் தபால் கொடுக்கிறவர். "வந்ததும் எடுத்தாந்தேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறக்கூட இல்லை. எனக்கு அப்போது கண் தெரியவில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் போதுமே அக்கா, ஒரே ஒரு வாரம்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் போய்ப் பை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். உமாராணிக்கு ஏழு மாசம். அவள் வீட்டையும் சேர்த்துக் காலி வீடு என்று எழுத வைத்தது நான். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் மாரியம்மாள் அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, "நீதாம்மா எங்கள காப்பாத்தின" என்றது. குழம்பை மூடி வைத்துவிட்டேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. மேலே நாற்பது அடியில் பெல்ட் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

திரும்பக் கணக்கெடுப்பார்களா? மனுக் கொடுத்தால் எடுப்பார்களா? அம்மாவுக்கு என் முத்தம். நீ பதில் எழுது.

மலர்


நெய்வேலி
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு சரியாகத்தானே இருக்கிறது? அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்து வேலைக்குப் போகிறார். சம்பளமில்லாத வாரம், சமாளித்துவிட்டோம்.

சமுதாயக் கூடத்தில் திட்டப் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சுவர் அகலத்துக்கு இருக்கிறது. உமாராணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பஜார் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஏரி நிஜத்தைவிட நீலமாக இருக்கிறது. எங்கள் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் புல். புல்மேல் ஆட்கள் நடக்கிறார்கள், யாருக்கும் முகம் இல்லை. ஒரு சின்னப் பெண் பலூன் பிடித்திருக்கிறாள். சரியாக எங்கள் சமையலறை இருக்கிற இடத்தில் நிற்கிறாள். அவளுக்கும் முகம் இல்லை.

"மலரு, நம்ம வூடு எங்க?" என்றாள் உமாராணி. விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள். இரண்டு தடவை போய் வந்தாள். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சர்வே எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது என்று. யார் சொன்னது என்று சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் மாரியம்மாள் அக்கா எங்கள் வாசல் வழியாகப் போய் வந்தது, என்னைப் பார்க்கவில்லை.

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் 'வரைந்தவர்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் உன் நோட்டு அட்டையிலெல்லாம் பார்த்து வளர்ந்த பெயர். உமாராணி, "யாரு பேரு போட்டுக்குது?" என்று கேட்டாள். "எழுத்து தெரியல, மங்கலா இருக்கு" என்றேன்.

அதைப் பற்றி நான் வேறு எதுவும் எழுதவில்லை. அம்மாவின் மாத்திரையெல்லாம் உன் சம்பளத்தில்தான் என்று எனக்குத் தெரியும்.

மலர்


சென்னை
5 நவம்பர் 2025

அன்புள்ள மலருக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கூடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? பாப்பா என்னைக் கேட்கிறாளா?

22ஆம் தேதி அங்கே கருத்துக் கேட்புக் கூட்டம். அவசியம் போ. எழுந்து நின்று சொல். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ, குழந்தையைப் பார்த்தால் கேட்பார்கள். அன்றைக்குச் சொன்னது பதிவாகும். பதிவானால் மறுகணக்கெடுப்புக்கு வழி உண்டு.

வரைகிறவர்கள் கையில் கொடுக்கிற கணக்கை வைத்துத்தான் வரைகிறார்கள், மலர். கணக்கில் இல்லாததை வரைய முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்திரகலா


நெய்வேலி
7 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது என்று படித்துப் பெருமூச்சு விட்டேன். உப்பைக் குறைக்கச் சொல், ஊறுகாய் ஜாடியை ஒளித்து வை. இங்கே அவர் நன்றாக இருக்கிறார். உமாராணிக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

கூட்டத்துக்குப் போனேன். அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பஜார் கடைக்காரர்கள், பார்க்கிங் எங்கே என்று அவர்களுக்குக் கவலை. நல்லசாமி சாரும் ஓரமாக நின்றிருந்தார். என் முறை வந்ததும் எழுந்து முன்னால் போனேன். மைக்கைப் பிடித்து, "ஏரிக்கரை வரிசையில நாங்க குடியிருக்கோம்ங்க" என்றேன்.

மேடையில் இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "எங்க கணக்குல அங்க யாரும் இல்லையேம்மா. விருந்தாளிங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"பொய் சொன்னோம்ங்க. செக்கிங்னு நெனச்சிக்கினு பொய் சொல்லிட்டோம்."

நல்லசாமி சார் வெளியே போனார். அதிகாரி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பாவைப் பார்த்துக் குனிந்து, "நீ சொல்லு பாப்பா, உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது அக்கா. அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் ஒரு அடி முன்னால் வந்து, கையைக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இது மாமா வூடு. லீவுக்கு வந்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பின்னாலிருந்து மாரியம்மாள் அக்கா குரல்தான் கேட்டது. "சிரிக்காதீங்கடா! நாங்க சொல்லிக்குடுத்தத சொல்லுது அந்தப் புள்ள! இத்தினி வருசமா அந்த ஏரித் தண்ணியிலதான்டா எங்க துணி தொவைக்கறோம்!" இரண்டு மாதமாக என்னோடு பேசாத மாரியம்மாள் அக்கா. அப்புறம் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

ஜனவரியில் மறுகணக்கெடுப்பு வைக்கிறோம் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் வாய்ச்சொல் இனிமேல் செல்லாதாம். "உங்க பேரும் இந்த விலாசமும் இருக்கற மாதிரி ஏதாவது காட்டுங்க. மாசா மாசம் இங்கதான் இருந்தீங்கன்னு தெரியணும்" என்றார். எங்களிடம் என்ன இருக்கிறது? எந்தத் தடமும் இருக்கக் கூடாதென்றுதானே இத்தனை வருஷம் வாழ்ந்தோம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டித் தேடியபோது உன் கவர்கள் மூன்றும் கிடைத்தன. தபால் முத்திரையோடு. அடுத்த நாள் சமுதாயக் கூடத்திலேயே அந்த அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"யாரு எழுதினது?"

"எங்க அக்காங்க. சென்னையில இருக்காங்க."

மேலே கேட்கவில்லை. நல்லவேளை. கவர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேர் ஆஃப் நல்லசாமின்னு போட்டிருக்கே. சரி, இருக்கட்டும். ஜூன் இருக்கு, ஆகஸ்ட் இருக்கு, நவம்பர் இருக்கு. ஜூலை, செப்டம்பர், அக்டோபர்ல காணோமே. அப்ப எங்கம்மா போயிருந்தீங்க?"

இங்கேதான் இருந்தேன் என்றேன். அந்த மாதங்களில் நீ எனக்கு எழுதவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் உனக்கு எழுதியவை உன்னிடம் இருக்கும், அவற்றில் நெய்வேலி முத்திரையும் இருக்கும். அவற்றைத் திருப்பி அனுப்பிவிடாதே. மேலே உன் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அவருக்குப் பின்னால் சுவரிலும் இருந்தது.

கவர்களை அடுக்கும்போதுதான் முத்திரையைப் படித்தேன். அதுவரை படித்ததில்லை. ஆகஸ்ட் கடிதத்தின் உள்ளே 9 என்று எழுதியிருக்கிறாய். வெளியே முத்திரை 21. கவரின் ஒரு மூலை மடங்கி, பின்பக்கம் ஒரு பஸ் டிக்கெட்டின் மை தலைகீழாக ஒட்டியிருந்தது. தினமும் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் பையில் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். தபால் பெட்டியைத் தாண்டித்தான் போயிருப்பாய். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ராயப்பன் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றார். நீ சொன்னபடி கடிதத்தை இன்றைக்கு அடுப்பில் வைத்துவிட்டேன். கவர் மட்டும் இருக்கிறது. காண்ட்ராக்ட் புதுப்பித்தார்களா என்று நீயும் எழுதவில்லை.

நல்லசாமி சார் பொங்கல் வரைதான் என்று சொல்லிவிட்டார். அதற்குள் கணக்கெடுக்க வந்தால் நாங்கள் இருப்போம். பயணப் பையைக் காலி பண்ணிப் பரண்மேல் போட்டுவிட்டேன். வாசலில் எல்லாருடைய செருப்பையும் போட்டிருக்கிறோம். இரவில் ஜீப் சத்தம் கேட்டால் பழைய பழக்கத்தில் எடுத்து வைக்க ஓடுகிறேன், கதவு வரை போய் நிற்கிறேன்.

பாப்பாவை மாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. "யாராச்சும் கேட்டா, இது எங்க வீடுன்னு சொல்லணும்டி" என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். முந்தாநாள் என் வாயைக் கையால் மூடி, "பொய் சொல்லக் கூடாதும்மா" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இடிக்கிற மிஷினைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

வரிசையில் எல்லோரும் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள், போன் வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று. மாரியம்மாள் அக்காவுக்குத் தன் தம்பியிடமிருந்து வாழ்க்கையில் முதல் கடிதம் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. "எதப் பத்தி எழுதறதுன்னு தெரியலியாம்" என்று கவரைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறது. ராயப்பன் அண்ணனுக்கு இப்போது எங்கள் வரிசைக்கே தனிக் கட்டு.

இந்த மாதத்துக்கு என்னிடம் கவர் ஒன்றும் இல்லை, அக்கா. எதையும் விளக்கி எழுத வேண்டாம். எழுத முடியாவிட்டால் வெறும் தாளை மடித்து வை. 'கேர் ஆஃப் நல்லசாமி' என்று மட்டும் போடாதே. என் பெயரை எழுது, வீட்டு எண்ணை எழுது, எழுதிய அன்றைக்கே பெட்டியில் போடு.

சீக்கிரம் பதில் போடு.

மலர்விழி